ஸ்பிரிங் மில்: குகை, பழைய கிராமம், ஒரு மில் – தண்ணீரின் வழியே ஒரு நாள் சுற்ற முழு வழிகாட்டி

இந்தியானா மாநிலத்தின் தெற்குப் பகுதியில், மிட்செல் என்ற சிற்றூருக்குச் சில மைல் கிழக்கே, ஸ்டேட் ரோடு 60 ஓரமாக இருக்கிறது ஸ்பிரிங் மில் ஸ்டேட் பார்க். பரப்பு 1,358 ஏக்கர். குகைக்குள் படகு போகிறது. 1817-இல் கட்டிய தண்ணீர் மில் இன்னும் மக்காச்சோளம் அரைக்கிறது. அதைச் சுற்றி மீட்டெடுத்த பழைய கிராமம், கோடரி படாத காடு, போதாததற்கு விண்வெளிக்குப் போய்வந்த கலம் ஒன்றும் இருக்கிறது. இண்டியானாபொலிஸிலிருந்து காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கென்டக்கியின் லூயிவில், கம்மின்ஸ் கம்பெனி வேலையால் நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் கொலம்பஸ், பல்கலைக்கழக ஊரான புளூமிங்டன் மூன்றும் இன்னும் பக்கம்.

பலரும் இங்கே வந்ததும் கிராமத்துக்குப் போய் நான்கு படம் எடுப்பார்கள். பிறகு படகு டிக்கெட் கேட்டுப் போனால் தீர்ந்திருக்கும். குகைக்கு ஒரு தனி நடை, மில்லுக்கு ஒரு தனி நடை என்று சிதறிப் பார்த்துவிட்டு, 'நல்லாத்தான் இருக்கு' என்று திரும்பிவிடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. இங்குள்ள எல்லாவற்றையும் உண்டாக்கியது தண்ணீர்தான். அது ஒளியும் இடம், எட்டிப்பார்க்கும் இடம், சக்கரம் சுற்றும் இடம் என்று தொடர்ந்து போனால் இடம் முழுவதும் ஒரே கதையாக விளங்கும். கீழே சொல்லும் வரிசை அந்தக் கணக்கில் போட்டது.

கிளம்புமுன் இந்த நிலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த வட்டாரத்தின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே கிடந்த ஆழமில்லாத கடலின் சிப்பிகளும் பிற உயிரிகளின் ஓடுகளும் படிந்து இறுகியது. மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது கல்லின் விரிசல்களில் இறங்கிக் கரைத்துக் கரைத்துச் சுரங்கமாக்குகிறது. மேல் நிலத்தில் வட்டவட்டமாகக் குழிகள் விழும். மழை பெய்தால் தண்ணீர் ஓடையாக ஓடாமல் அந்தக் குழிகளுக்குள் போய் மறைந்துவிடும். பார்க்கை நெருங்கும்போது சாலையோர வயல்களைக் கவனியுங்கள். உழவு நிலத்துக்கு நடுவே கிண்ணம் போல் பள்ளமும் அதில் நான்கைந்து மரங்களும் நின்றால், அதுதான் தண்ணீர் இறங்கும் வாய்.

அப்படி இறங்கிய தண்ணீரில் ஒரு பகுதி பார்க்குக்குள் பிரான்சன் குகையிலும் இரட்டைக் குகையிலும் (ட்வின் கேவ்ஸ்) தலைகாட்டி மறைகிறது. கடைசியில் டொனால்ட்சன் குகை வழியாக வெளியே கொட்டி ஏரிக்குப் போகிறது. மூன்றும் ஒரே நிலத்தடி ஓடையின் மேல் திறந்த ஜன்னல்கள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மூன்று குகையும் ஒரே மாதிரிதானே என்று சலிப்பு வராது. மில்லுக்குப் போவது வேறு தண்ணீர், ஹேமர் குகையிலிருந்து வருவது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

எப்போது போவது, என்ன எடுத்துப் போவது

படகு ஓடுவது கோடையை ஒட்டிய மாதங்களில் மட்டும். அதனால் படகுதான் முக்கியம் என்றால் மே கடைசிக்கும் இலையுதிர்காலத் தொடக்கத்துக்கும் நடுவே, அந்த ஆண்டின் நாள் விவரத்தை பார்க் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். காடுதான் வேண்டும் என்றால் அக்டோபர் நடுவில் இலைகள் நிறம் மாறும் சமயத்தை மிஞ்ச எதுவும் இல்லை. முந்தின நாள் பெருமழை என்றால் குகைக்குள் நீர்மட்டம் ஏறிப் படகை நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் காலையில் ஒரு போன் போட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம். வார நாளில் போக முடிந்தால் போங்கள், கூட்டம் பாதிதான்.

நுழைவுக் கட்டணம் தலைக்கு அல்ல, வண்டிக்கு. இந்தியானா பதிவெண் வண்டிக்குக் குறைவு, வெளிமாநில வண்டிக்குக் கொஞ்சம் கூடுதல். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து வருவதானால் ஒரே வேனில் வருவது லாபம். படகு டிக்கெட் இதில் சேராது, தனி. சிகாகோ பக்கமிருந்தோ எவன்ஸ்வில் பக்கமிருந்தோ வருகிறவர்கள் இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதை மறக்காதீர்கள். டிக்கெட் கவுண்டரில் அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம்.

கோடையிலும் ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும். குகைக்குள் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸ்தான், உச்சி வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் பற்கள் தந்தியடிக்கும். கால் பிடிப்புள்ள ஷூ அவசியம், செருப்போடு வந்தால் நடைபாதையில் கஷ்டப்படுவீர்கள். சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதே நல்லது. சைவக்காரர்களுக்கு அந்தப் பக்கம் கிடைப்பது பெரும்பாலும் உருளைக்கிழங்கு வறுவலும் சாலடும்தான். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனால் மேஜை போட்ட இடங்களில் நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கேளுங்கள். கென்டக்கியில் மாமத் குகையைப் பார்த்துவிட்டு அதே பயணத்தில் இங்கே வருகிறவர்கள் உண்டு. அங்கே போட்ட ஷூவையும் உடுப்பையும் அப்படியே இங்கே போட்டுவராதீர்கள். குளிர்கால உறக்கத்தில் இருக்கும் வௌவால்களின் மூக்கில் வெள்ளையாகப் படரும் பூஞ்சை நோய் ஒன்று 2006-இல் நியூயார்க் மாநிலத்தில் முதலில் தென்பட்டது. அதன்பின் அமெரிக்காவில் பல லட்சம் வௌவால்கள் செத்துவிட்டன. இந்தியானாவையும் அது விடவில்லை. பூஞ்சையின் விதைத்தூள் மனிதர்களின் செருப்பு மண்ணிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு ஒரு குகையிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் செய்யும். மாற்று ஷூ ஒரு ஜோடி எடுத்துவருவது நமக்குப் பெரிய செலவில்லை.

படி 1: நேராகப் படகு டிக்கெட் கவுண்டருக்கு

வாசலில் கட்டணம் கட்டியதும் எங்கும் நிற்காமல் இரட்டைக் குகை பார்க்கிங்குக்குப் போங்கள். டிக்கெட்டை அன்றைக்கு அன்றைக்குத்தான் தருவார்கள், வந்த வரிசைப்படி. கோடை சனி, ஞாயிறுகளில் மதியத்துக்கு முன்பே தீர்ந்துவிடுவது சாதாரணம். குடும்பத்தில் ஒருவர் வரிசையில் நிற்க மற்றவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். மிகச் சின்னக் குழந்தைகளைப் படகில் ஏற்றமாட்டார்கள். வயது வரம்பை முதலிலேயே கேட்டு, குழந்தையோடு யார் கரையில் இருப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

தட்டையான சின்னப் படகு, உள்ளே போய்வர ஏறத்தாழ 20 நிமிடம், தூரம் 500 அடி. எஞ்சின் கிடையாது. வழிகாட்டி குகைச் சுவரையும் கூரையையும் கையால் தள்ளியே படகை நகர்த்துவார். தலை தட்டும் அளவுக்குக் கூரை தாழும் இடம் வரும், குனியச் சொல்லும்போது குனிந்துவிடுங்கள்.

உள்ளே பார்க்க வேண்டியது தண்ணீருக்குள்தான். எல்லோரும் கூரையையே அண்ணாந்து பார்ப்பார்கள், நீங்கள் வழிகாட்டியின் டார்ச் வெளிச்சம் தண்ணீரில் விழும் இடத்தைப் பாருங்கள். விரல் நீளத்துக்கு வெளிறிய மீன் ஒன்று அவசரமே இல்லாமல் நீந்தும். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல்தான். தலையிலும் உடம்பிலும் வரிவரியாக உள்ள உணர்வு முகடுகள் வழியாகத் தண்ணீரின் சின்ன அசைவையும் அறிந்து இரை பிடிக்கும். இந்தியானா பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் கார்ல் ஐகன்மேன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் குகைகளில்தான் இவ்வகைக் குருட்டு மீன்களை ஆராய்ந்தார். தெற்கு இந்தியானாவில் உள்ளது கென்டக்கி மீனிலிருந்து வேறான தனி இனம் என்று 2014-இல் பிரித்து, இந்தியானா மக்களின் பட்டப்பெயரான 'ஹூசியர்' என்பதையே அதற்குச் சூட்டினார்கள். அதே தண்ணீரில் வெள்ளை நிறக் குகை நண்டு மாதிரி, இறாலுக்கும் நண்டுக்கும் இடைப்பட்ட ஓர் உயிரும் தென்படும். கையைத் தண்ணீரில் விடாதீர்கள், பிள்ளைகளையும் விடவிடாதீர்கள். நம் கையில் தடவிய சன்ஸ்கிரீனும் கொசு மருந்தும் அந்த மீன்களுக்கு விஷம்.

படகு நேரம் தள்ளிக் கிடைத்தால் கவலை வேண்டாம், அடுத்த படியை முதலில் முடித்துவிட்டு வரலாம்.

படி 2: மூன்றாம் எண் நடைபாதை

இரண்டரை மைல், சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே முடியும். படிக்கட்டு உண்டு, ஏற்ற இறக்கம் உண்டு, மழைக்குப் பின் சில இடம் வழுக்கும். வயதானவர்களோடு வந்தால் முழுதும் நடக்க வேண்டாம், டொனால்ட்சன் குகை வாயில் வரைக்கும் போய்த் திரும்பலாம். தள்ளுவண்டிக் குழந்தைக்கு இது பாதை அல்ல. மற்றவர்களுக்கு நிதானமாக இரண்டு மணி நேரம் வையுங்கள்.

இரட்டைக் குகையிலேயே ஒரு நிமிடம் நில்லுங்கள். பெயர்தான் இரட்டை, உண்மையில் அது ஒரே சுரங்கம். நடுவில் கூரை இடிந்து விழுந்ததால் எதிரெதிராக இரண்டு வாய் தெரிகிறது. ஒன்றிலிருந்து வெளியே வரும் ஓடை சில அடி வெயிலில் ஓடிவிட்டு எதிர் வாய்க்குள் நுழைந்துவிடும். பிரான்சன் குகையிலும் இதே கதைதான். அங்கே கீழே இறங்க ஆசைப்படாதீர்கள், மேலிருந்து பார்ப்பதே போதும்.

டொனால்ட்சன் குகை வேறு அழகு. பள்ளத்தாக்கின் முடிவில் பெரிய வாய், அதிலிருந்து ஓடை சலசலவென்று வெளியேறும். கோடையில் அந்த வாசலில் நின்றால் உள்ளிருந்து வரும் குளிர்காற்று முகத்தில் அடிக்கும். உள்ளே எவ்வளவு தூரம் போகலாம், எந்த மாதங்களில் போகக்கூடாது என்று பலகையில் எழுதியிருப்பதை மீறாதீர்கள். வௌவால் உறங்கும் காலத்தில் ஒருமுறை எழுப்பிவிட்டாலே குளிர்காலம் தாண்டச் சேர்த்த கொழுப்பு கரைந்து, அது பட்டினியில் சாகும்.

குகைக்குப் பெயர் தந்த ஜார்ஜ் டொனால்ட்சன் ஸ்காட்லாந்துக்காரர். 1865-இல் இந்த நிலத்தை வாங்கினார். சுற்றியிருந்தவர்கள் காட்டை வெட்டி வயலாக்கிக்கொண்டிருந்த காலம் அது. இவரோ தன் நிலத்தில் மரம் வெட்டவும் கூடாது, வேட்டையாடவும் கூடாது என்று நிறுத்திவிட்டார். தன் நாட்டிலிருந்து வந்து அமெரிக்கப் பறவைகளை வரைந்த அலெக்சாண்டர் வில்சன் நினைவாக ஒரு கல்தூணும் நாட்டினார். அந்த ஒரு மனிதரின் பிடிவாதத்தால் மிஞ்சியதுதான் 67 ஏக்கர் டொனால்ட்சன் காடு. வெள்ளை ஓக், டியூலிப் மரம், பீச் எல்லாம் இருவர் கைகோத்தாலும் அணைக்க முடியாத பருமனில் நிற்கின்றன. சிலவற்றுக்கு வயது முந்நூறைத் தாண்டும். கிழக்கு அமெரிக்கா முழுவதும் ஒருகாலத்தில் எப்படி இருந்தது என்று கண்ணால் பார்க்க இப்போது கிடைப்பது இம்மாதிரித் துண்டுகள்தான். குகையையும் கிராமத்தையும் விட எனக்கு இந்தக் காடுதான் பெரிது. நேரம் இல்லை என்று யாராவது எதையாவது விடச் சொன்னால் இதை விடமாட்டேன்.

பாதையை விட்டு இறங்காதீர்கள். மூன்று மூன்று இலையாகப் படரும் பாய்சன் ஐவி பட்டால் ஒரு வாரம் அரிக்கும். வீட்டுக்குப் போனதும் காதுமடல், முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: கிராமமும் மில்லும்

சாப்பிட்டுவிட்டு மதியம் கிராமத்துக்கு வாருங்கள். கட்டடங்கள் மூடும் நேரத்தைக் காலையிலேயே பார்த்துவைத்தால், மில் ஓடும் நேரத்துக்குச் சரியாக வரலாம். நாள் முழுவதும் ஓட்டமாட்டார்கள், குறித்த நேரங்களில்தான். இந்த ஊரே அதற்காகத்தான் உண்டானது, அதைத் தவறவிடாதீர்கள்.

கதை சுருக்கமாக இது. 1814 வாக்கில் சாமுவேல் ஜாக்சன் என்ற கனடாக்காரர் இங்கே ஊற்றுத் தண்ணீரை நம்பி ஒரு சின்ன மில் வைத்தார். லூயிவில்லைச் சேர்ந்த புல்லிட் சகோதரர்கள் அதை வாங்கி 1817-இல் மூன்று அடுக்குக் கல் கட்டடமாக எழுப்பினார்கள். மான்ட்கோமரி சகோதரர்கள் கைமாறி, 1832-இல் ஹ்யூ ஹேமர், தாமஸ் ஹேமர் என்ற சகோதரர்களிடம் வந்தது. அவர்கள் காலத்தில்தான் ஊர் செழித்தது. மாவு மில், மரம் அறுக்கும் ரம்பம், விஸ்கி வடிசாலை, தோல் பதனிடும் இடம், நெசவு, மருந்துக்கடை, தபால் நிலையம், விடுதி என்று ஒரு முழு ஊர். மாவும் பன்றி இறைச்சியும் விஸ்கியும் தட்டைப்படகில் ஏறி ஆற்றோடு நியூ ஆர்லியன்ஸ் வரை போயின. இவர்களுக்கெல்லாம் முன்னால் இந்த நிலம் பூர்வகுடி மக்களுடையது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழுத்தம் தந்து போட வைத்த ஒப்பந்தங்களால்தான் அது கைமாறியது. கிராமத்தில் நடக்கும்போது அதையும் நினைவில் வையுங்கள்.

ஊர் அழிந்ததற்குக் காரணம் போரோ நோயோ அல்ல, ரயில். 1850-களில் ரயில் பாதை இந்தப் பள்ளத்தாக்குக்கு வராமல் மேட்டு நிலத்தில் போயிற்று. இரண்டு பாதைகள் குறுக்கிட்ட இடத்தில் மிட்செல் ஊர் முளைத்தது. உள்நாட்டுப் போரில் தெற்குச் சந்தையும் கைவிட்டுப் போனது. 1890-களுக்குள் இங்கே கிட்டத்தட்ட யாரும் இல்லை. நிலம் ஒரு சிமெண்ட் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. இந்தியானாவின் பூங்காக்களுக்குத் தந்தை என்று சொல்லப்படும் ரிச்சர்ட் லீபர் காலத்தில், 1927-இல் இது ஸ்டேட் பார்க் ஆனது. சிமெண்ட் கம்பெனி தன் பங்கு நிலத்தை 1 டாலருக்குக் கொடுத்தது. பிறகுதான் இடிந்த கட்டடங்களை எடுத்து நிறுத்தினார்கள். பார்க்கிறதெல்லாம் அதே இடத்து அசல் அல்ல, சில மரவீடுகள் பக்கத்துப் பகுதிகளிலிருந்து கொண்டுவந்து வைத்தவை. மில்லின் கல்சுவர் அசல்.

முதலில் மில்லுக்கு வெளியே நில்லுங்கள். ஹேமர் குகையிலிருந்து புறப்பட்ட தண்ணீர் கல்தூண்களின் மேல் நிற்கும் மரவாய்க்காலில் தலைக்கு மேலே வருகிறது. பலகை இடுக்குகளில் சொட்டிக்கொண்டே இருக்கும், பாசி படர்ந்திருக்கும். மதகைத் திறந்ததும் 24 அடி விட்டமுள்ள சக்கரத்தின் உச்சியில் தண்ணீர் விழுகிறது. சக்கரத்தின் தொட்டிகள் ஒவ்வொன்றாக நிறைய, அந்த எடையிலேயே அது மெதுவாக, முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கும். வேகத்தைவிட எடைதான் இங்கே வேலை செய்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லுங்கள். ஆற்றுத் தண்ணீரை நம்பிய மில்கள் கோடையில் நின்றுவிடும், குளிர்காலத்தில் உறைந்துவிடும். குகைத் தண்ணீர் எல்லாப் பருவத்திலும் ஏறக்குறைய ஒரே குளிர்ச்சியில் வந்துகொண்டே இருக்கும். ஜாக்சன் இந்த இடத்தைத் தேர்ந்ததன் சூட்சுமம் அதுதான்.

பிறகு உள்ளே போங்கள். மரப்பற்சக்கரங்களின் அதிர்வு தரைப்பலகை வழியாகக் காலில் ஏறும். மேலே பெட்டியில் கொட்டிய மக்காச்சோளம் ஆடிஆடிக் கல்லின் நடுக்கண்ணில் விழுகிறது. நம் வீட்டுத் திருகையில் நடப்பதேதான், கீழ்க்கல் அசையாது, மேல்கல் சுற்றும். விளிம்பில் வந்து விழும் மாவை மில்காரர் விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து, கற்களுக்கு இடைவெளி கூட்டுவார், குறைப்பார். கேட்டால் உங்கள் கையிலும் ஒரு சிட்டிகை வைப்பார். வெதுவெதுப்பாக, வறுத்த வாசனையோடு இருக்கும்.

மற்ற கட்டடங்களில் நெசவு வீட்டையும் மருந்துக்கடையையும் பார்த்தால் போதும். கால் தெம்பாக இருந்தால் நான்காம் எண் நடைபாதையில் ஹேமர் குகை வாயிலும் பழைய கல்லறையும் பார்த்துவரலாம். மில்லுக்கு வரும் தண்ணீர் பிறக்கும் இடம் அது.

படி 4: வெளியேறும் வழியில் கிரிசம் நினைவகம்

வாசலருகே இருக்கிறது, அரை மணி நேரம் போதும். கஸ் கிரிசம் 1926-இல் மிட்செல்லில் பிறந்தவர், விண்வெளிக்குப் போன இரண்டாவது அமெரிக்கர். ஜூலை 21, 1961 அன்று கடலில் இறங்கியதும் கதவு தானாகத் திறந்து அவர் கலம் மூழ்கிப்போனது, அவர் நீந்தித் தப்பினார். 1965 மார்ச்சில் ஜான் யங்கோடு ஜெமினி 3-இல் பூமியை மூன்று முறை சுற்றினார். டைட்டானிக் விபத்தில் தப்பிய மாலி பிரவுனின் பெயரை அந்தக் கலத்துக்கு வைத்தார். அதே கலம்தான் இங்கே நிற்கிறது. கண்ணாடிக்கு வெளியே நின்று இரண்டு ஆள் எப்படி உட்கார்ந்தார்கள் என்று பாருங்கள், நம் காரின் முன் இருக்கைகளில் இதைவிட இடம் அதிகம். ஜனவரி 27, 1967 அன்று அப்பல்லோ 1 ஒத்திகையில் தீப்பிடித்து எட் வொயிட், ரோஜர் சாஃபி இருவரோடும் அவர் இறந்தார்.

ஒரு செய்தி சொல்லவேண்டும். கிராமத்தைக் கொன்ற அந்த ரயில் பாதையை அளந்து போட்ட பொறியாளர் ஆர்ம்ஸ்பி மிட்செல் ஒரு வானியலாளர், சின்சினாட்டி வானாய்வகத்தை நிறுவியவர். அவர் பெயரைத்தான் ஊருக்கு வைத்தார்கள். நூறு ஆண்டு சற்றுத் தாண்டியதும் அந்த ஊர்ப் பையன் வானத்துக்கே போய்வந்தான்.

தங்குவதானால்

பார்க்குக்குள் 1939-இல் திறந்த கல் விடுதி ஒன்றும் கூடார முகாமும் உண்டு. இரண்டுக்கும் முன்பதிவு வேண்டும், விடுதி திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள். மறுநாள் காலை ஏரியைச் சுற்றி நடக்கலாம். 1930-களில் கட்டியபோது இருந்த ஆழம் இன்று ஏரிக்கு இல்லை. வயல் பள்ளங்களில் இறங்கும் மண் குகை ஓடை வழியாக இங்கே வந்து படிந்து தூர்த்துக்கொண்டே இருக்கிறது. மேலே உழுகிறவரின் மண் குருட்டு மீனின் வீட்டைத் தாண்டித்தான் இங்கே சேர்கிறது. உரமும் பூச்சிமருந்தும் வரும் வழியும் அதே.

செப்டம்பர் கடைசியில் வந்தால் மிட்செல்லில் பெர்சிமன் பழத் திருவிழா நடக்கும். நம் ஊர்க் கருங்காலியின் இனத்தைச் சேர்ந்த மரம் அது. பழம் நன்றாகக் கனிந்து குழைந்தால்தான் தின்ன முடியும், காயில் நாக்கு இழுக்கும். அதைக் கூழாக்கிச் செய்யும் புட்டிங் அந்த ஊரின் தனிப் பண்டம்.

மில் மாவை வீட்டில் வைப்பது

கிளம்புமுன் மில்லில் அரைத்த மாவு ஒரு பை வாங்குங்கள். இது கடை மாவு மாதிரி அல்ல. கல்லில் அரைத்ததில் முளைப்பகுதியின் எண்ணெய் அப்படியே இருப்பதால் வெளியே வைத்தால் சீக்கிரம் காறிப்போகும். கோடையில் காரின் பின்பக்கம் போட்டுவிட்டு ஊர் சுற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வைத்தால் பல மாதம் வரும். உப்புமாவுக்கு முதலில் நெய்யில் வாசம் வரும்வரை வறுத்துக்கொள்ளுங்கள், ரவையைவிடத் தண்ணீர் கூடக் கேட்கும், மூடி வைத்து நிதானமாக வேகவிடுங்கள். கூழாகக் காய்ச்சினால் இன்னும் நன்றாக இருக்கும். ஆறியதும் மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயம் கிடைக்காவிட்டால் ஷாலட் நறுக்கிப் போட்டுக்கொள்ளலாம்.